பேர் மறந்தவனைப் பரிசலில் ஏற்றினோம்

வடக்கனந்தல்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணான எழில்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். உங்கப்பாவுக்கு முழங்கால் குடைச்சல் ஒன்றைத் தவிர இங்கே குறை எதுவும் இல்லை, எனக்கும் வேளைக்குப் பசி எடுக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, அதுவே பெரிய விஷயம். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அணைக்கரை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. டூட்டி, டூட்டி என்று உங்கப்பா போனுக்கு ரெண்டு வரி அனுப்பிவிட்டு நழுவிக்கொள்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியாதா. அந்தக் கவியரசனை நம் வீட்டுக்கு அனுப்பியது நீ, அதை நீயும் மறக்கவில்லை, இங்கே நாங்களும் மறக்கவில்லை. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மலையில் முன்னாடியே மழை இறங்கியதில் கோமுகி அணையில் தண்ணீர் குறையாமல் நிற்கிறது. ஜிலேபிக் கெண்டை நன்றாகப் படுகிறது, கட்லாதான் கம்மி. மீன் இல்லாத நாளில் நானும் பக்கத்து வீட்டு இருசம்மாளும் மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டப் போகிறோம். உன் சித்தி மகள் சுபஸ்ரீ மறுபடியும் காலேஜுக்குப் போகிறாள், இந்த வரியை இன்னொரு தரம் படித்துக்கொள். அவள் எப்படிப் போக ஆரம்பித்தாள் என்பதைச் சொல்லத்தான் மீதி எல்லாமே. லீவு கிடைத்தால் மாப்பிள்ளையோடு அங்கே கடலோரத்து மீன்காரர்கள் ஊரையெல்லாம் பார்க்கப் போகப் போவதாக உங்கப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை, கடலானால் என்ன அணையானால் என்ன, நம்ம தொழில் செய்கிறவர்கள்தானே. அவர்களிடம் மீன் வாங்கு, அவர்கள் கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடு, பேர் கேட்டால் மனசில் வை. அந்த ஊரில் ஒரு சாவு விழுந்திருந்தால் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடு. மரியாதையாக ஊர் பார்ப்பது எப்படி என்று அழகாகப் பேசுகிறவன் பேச்சை மட்டும் நம்பாதே, அப்படிப் பேசுகிறவனுக்குத்தான் நாங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டோம்.

நீ மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவின் பிள்ளை, நல்ல மாதிரி, ஊர் ஊராகப் போய் ஜனங்கள் வாழ்வதை வீடியோ எடுத்துப் போடுகிறவர் என்று சொல்லித்தான் போன ஐப்பசியில் அந்தக் கவியரசனை அனுப்பினாய். சொன்னபடிதான் இருந்தான், பொய் சொல்ல மாட்டேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவான். காய்கிற வலையைப் படம் எடுக்கக்கூட, எடுத்துக்கலாமாம்மா என்று கேட்பான். தட்டைத் தானே கழுவி வைப்பான். உன் சித்தப்பா மாயவன் இருக்கிறானே, மனுஷன் கிடைத்தால் விடமாட்டான், அண்ணா அண்ணா என்று இவன் கூப்பிட்டதில் உருகிப்போய்விட்டான். தினமும் பரிசலில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான், கரையிலேயே கல் கூட்டி மீன் சுட்டு முள் எடுத்துக் கொடுத்தான், வெயில் தாங்கவில்லை என்று அவன் சொன்னதற்குத் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவனுக்குக் கட்டிவிட்டான். உங்கப்பாவே கேலி செய்தார், இன்னாடா உனக்குப் புதுசா ஒரு தம்பி பொறந்துட்டானா என்று.

அதற்கு அப்புறம் நடந்ததை நீ செல்போனில்தான் பார்த்தாய், நான் கண்ணால் பார்த்தேன், அதனால் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் எழுதுகிறேன். மலையில் கொட்டிய மழை ஒரே மூச்சாக அணைக்குள் இறங்கிய அன்று போட்ட வலையை எடுக்கப் போன மாயவன் வரவில்லை. அடியில் கிடக்கும் மரத்தில் வலை மாட்டியிருக்கிறது, அதை இழுக்கும்போது பரிசல் கவிழ்ந்திருக்கிறது. மறுநாள்தான் உடம்பைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உன் சித்தி சாலம்மாள் அந்தச் சேற்றில் விழுந்து உருண்டாள். சேலை எங்கே இருக்கிறது, ரவிக்கை எங்கே இருக்கிறது என்று தெரிகிற நிலையிலா இருந்தாள். நான் வீட்டுக்குப் போர்வை எடுக்க ஓடினேன். ஓடும்போது கரை மேட்டில் அவன் கேமராவோடு நிற்பதைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை, அழுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்போதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான் எழில்.

காரியம் முடிவதற்குள் அது நெட்டில் வந்துவிட்டது. உன் சித்தி மண்ணில் உருளுவதைக் கிட்டக்க இழுத்து, பின்னால் புல்லாங்குழல் ஊதவிட்டு, கள்ளக்குறிச்சி மீனவப் பெண்ணின் கதறல் என்று பேர் போட்டு. கருணாபுரத்தில் அந்தச் சாராயச் சாவு விழுந்ததிலிருந்து நம்ம மாவட்டத்துப் பேரைச் சொன்னாலே ஜனங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. சரக்கு அடிச்சிட்டுப் போயி வுழுந்திருப்பான் என்று ஒருத்தன் எழுதுகிறான், இந்த ஊர்க்காரனுங்க திருந்த மாட்டானுங்க என்று இன்னொருத்தன், அதற்கு ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் கலர் சோடா கொடுத்தால்கூட வேண்டாம் என்று தள்ளுகிற மாயவனை. சுபஸ்ரீ காலேஜில் அவள் அம்மா அழுத மாதிரியே பையன்கள் அழுது காட்டியிருக்கிறார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான், போகவே மாட்டேன் என்றாள். சாலம்மாள் வாசலுக்கு வருவதை விட்டாள், குழாயடிக்கு வருவதை விட்டாள், அணைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டாள். நெட்டிலிருந்து எடுத்துவிடப்பா என்று உங்கப்பா போன் போட்டுக் கேட்டார். அது ஒரு ஆவணம்ணா, உலகம் பார்க்க வேண்டிய வலிண்ணா என்று சொன்னான். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

எடுக்காதவன் தை மாதம் தானாகக் கூப்பிட்டான். சென்னையிலிருந்து ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம், மீனவ கிராமங்களை மரியாதையோடு பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிற பயணமாம், பரிசல் வேண்டுமாம், நம் வீட்டு மீன் குழம்பு வேண்டுமாம். உங்கப்பா போனைப் பொத்திக்கொண்டு, வரவே கூடாதுன்னு சொல்லிடறேன் என்றார். நான் வரச் சொல்லுங்க என்றேன். பக்கத்து வீட்டு அய்யப்பன், வரட்டும் அண்ணி, கால ஒடச்சி கேமராவ அணையில வுட்டெறியறேன் என்று குதித்தான். வேண்டாம் என்று விட்டேன். அடித்தால் அவன் அடிபட்டவன் ஆகிவிடுவான், அதையும் படம் எடுத்துப் போட்டு நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள். அவன் ஐயோ பாவம் ஆவதற்கா நான் இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என்ன செய்வது என்று எனக்கும் அப்போது தெரியாது, ஆனால் அவன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் வர வேண்டும், அது மட்டும் தெரிந்தது. இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது சாலம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தலையை அள்ளி முடிந்துகொண்டே வந்தாள். பரிசல நா தள்றேங்க்கா என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வேனில் வந்தார்கள். எல்லாரும் படித்த பிள்ளைகள், மரியாதைப்பட்டவர்கள், அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தேன். சிரித்த முகமாக மோர் கொடுத்தேன், அவனுக்கும் கொடுத்தேன். அவன் என்னைத் தோளோடு அணைத்து, இவங்க என் இன்னொரு அம்மா என்று அவர்களிடம் சொன்னான். உங்க ஊரு இப்ப ஃபேமஸ் ஆயிடுச்சும்மா என்றான். ஆமாம் தம்பி, உங்க புண்ணியம் என்றேன். சாலம்மாளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. உலகத்துக்கே காட்டினவனுக்கு ஆளை நேரில் தெரியவில்லை. பரிசல்காரம்மா சூப்பர் என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மற்றவர்கள் எல்லாம் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டார்கள், படத்தில் நன்றாக இருக்காது என்று அவன் மட்டும் போடவில்லை. போட்டுக்கோங்க தம்பி என்று நான்கூடச் சொன்னேன். உங்கமேல நம்பிக்கை இருக்கும்மா என்று சிரித்தான். ஒரு பரிசலில் அவனும் நானும், தேவதர்ஷினி என்று ஒரு பெண்ணும் ஏறினோம், சாலம்மாள் துடுப்புப் போட்டாள். பின்னால் இன்னொரு பரிசலில் அய்யப்பன் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வந்தான்.

நடு அணைக்குப் போனதும் கேமராவைக் குச்சியில் மாட்டி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். மீனவ கிராமத்துக்குப் போனா முதல்ல அவங்க அனுமதி கேக்கணும், அவங்க துக்கம் நமக்குக் காட்சி கிடையாது என்று சொல்லிக்கொண்டே போகிறான். சாலம்மாள் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். துடுப்பு நின்றால் பரிசல் தானாகச் சுற்றும், உனக்குத் தெரியும். மலை வந்தது, அணைச் சுவர் வந்தது, மறுபடி மலை வந்தது. என்னக்கா நிறுத்திட்டீங்க என்று திரும்பினான். இந்த எடந்தான் என்றாள். எந்த இடம்க்கா என்றான். "எங்க வூட்டுக்காரரு போன எடம். அடியில புளியமரம் ஒண்ணு கெடக்குது, அதுலதான் வலை மாட்டிக்கிச்சு. அன்னிக்கு நீ எட்டத்துல நின்னுக்கினு எடுத்த. இப்ப கிட்டக்கவே வந்துட்ட. எடு." அவன் சிரிப்பு பாதி வாயிலேயே நின்றது. அவளை அப்போதுதான் பார்த்தான், எழில், அப்போதுதான் ஆளாகப் பார்த்தான். கேமராவைக் கீழே இறக்கப் போனான். "எறக்காத, ஓடட்டும். எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு வுழலன்னு சொல்லு. குடிக்கிற ஆளே கெடையாதுன்னு சொல்லு." அக்கா, அந்தக் கமெண்ட்டெல்லாம் நான் போடலைக்கா, கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்க்கா என்றான்.

சாலம்மாள் எழுந்து நின்றாள். நின்றதோடு இல்லாமல் ஒரு காலைத் தூக்கிப் பரிசல் விளிம்பில் வைத்து அழுத்தினாள். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அவன் அப்படியே மண்டி போட்டு விழுந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா, எனக்கு நீச்சல் தெரியாதும்மா, அவங்ககிட்ட சொல்லுங்கம்மா, அம்மா, அம்மா என்று கத்தினான். அந்தப் பெண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, என்ன வீடியோம்மா என்று கேட்டது. ரெண்டு வாக்கியத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போய்விட்டது. அவனைப் பார்த்து, சொல்லுங்க என்றது, அவ்வளவுதான். நான் என் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மூக்கு ஒழுக, கண் பிதுங்க, பேண்டெல்லாம் நனைய அவன் கதறியதைக் கை ஆடாமல் எடுத்தேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் உன்னைப் பெற்ற அன்றுகூட வரவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

சொல்றேன் சொல்றேன் என்றான். அவர் குடிக்கிறவர் இல்லை, அந்த அண்ணன் குடிக்கிறவர் இல்லை என்றான். பேரு சொல்லிச் சொல்லு என்றாள் சாலம்மாள். வாயைத் திறந்தான். பேரை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தான். மீன் சுட்டு முள் எடுத்துக் கொடுத்தவன் பேர், தலைத்துண்டைக் கட்டிவிட்டவன் பேர். மாரியண்ணன் என்றான், எழில். மாரியண்ணன் என்று சொன்னான். கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. போனை இடுப்பில் செருகியது ஞாபகம் இருக்கிறது, என் ரெண்டு கையும் அவன் முதுகில் இருந்தது, ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். தள்ளத்தான் போனேன். சாலம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் நெரிந்து போகிற மாதிரி பிடித்தாள். பாவம் பார்த்துத் தடுக்கிறாள் என்று நினைத்தேன். "வேணாங்க்கா. எங்க வூட்டுக்காரரு கெடந்த தண்ணி இது. இதுல இவன் கெடக்கக் கூடாது" என்றாள்.

உட்கார்ந்து துடுப்பைப் போட்டாள். "மாயவன். அவரு பேரு மாயவன். சொல்லிக்கினே வா" என்றாள். அவன் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு மாயவன் குடிக்கலை என்றான். அவள் துடுப்பை ஒரு தரம் இழுப்பாள், அவன் ஒரு தரம் சொல்வான். அவன் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள், பரிசல் சுற்ற ஆரம்பிக்கும், உடனே கத்துவான். கரை வரைக்கும் அப்படியே வந்தான். கரையில் உங்கப்பா, இருசம்மாள், துணி துவைக்க வந்தவர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள். சுபஸ்ரீயும் நின்றாள்.

கரையில் கால் வைத்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. கொலை முயற்சி, போலீசுக்குப் போவேன் என்றான். வாங்க தம்பி, நானும் கூட வரேன், உங்க வீடியோவையும் என் வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி அவங்களுக்குக் காட்டலாம் என்றேன். அந்தத் தேவதர்ஷினி, சாட்சிக்கு நான் வரேன், எல்லாத்தையும் சொல்றேன் என்று அவன் பக்கம் பார்க்காமலே சொன்னது. அவன் வேனில் போய் உட்கார்ந்துகொண்டான். எல்லாருக்கும் இலை போட்டேன், மீன் குழம்பு ஊற்றினேன், அவனுக்கு மட்டும் ஊற்றவில்லை. குழம்பு வாசனை வேன் வரைக்கும் போயிருக்கும், போகட்டும் என்றுதான் பூண்டை ஜாஸ்தியாகத் தட்டிப் போட்டிருந்தேன். அந்தப் பெண் மட்டும் இலையில் உட்காராமல் சாலம்மாள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சாப்பிடும்மா என்றால், அவங்க சாப்பிட்டதும் சாப்பிடறேன் என்றது. மாயவன் செத்த பிறகு அன்றைக்குத்தான் உன் சித்தி ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டாள். அந்தப் பெண் போகும்வரை போனைக் கையில் எடுக்கவில்லை. நீ கடலோரம் போகும்போது அப்படிப் போ.

அப்புறம் அவன் அந்தப் படத்தை நெட்டிலிருந்து எடுத்துவிட்டான். கூட வந்தவர்கள் விடவில்லை போலிருக்கிறது. மாயவன் என்று பேர் சொல்லி, குடித்துச் சாகவில்லை, தண்ணீரில் தொழில் செய்யும்போது போனார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போட்டான். பழையதை எவனெவனோ எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் சுற்றவிடுகிறான், அதற்கு நான் எங்கே போவேன். ஆனால் சுபஸ்ரீ இந்தப் புதியதைக் காலேஜில் அந்தப் பையன்கள் முன்னால் போட்டுக் காட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாளாம். உங்கப்பா மட்டும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, கொலை பண்ணப் பாத்தவகூட ஒரே கூரையில இருக்கிறேன் என்கிறார். இருங்க, குழம்பு நல்லாத்தான இருக்குது என்றேன். நான் எடுத்த படத்தை அழித்துவிடச் சொல்லிச் சுபஸ்ரீ கேட்கிறாள். அழிக்க மாட்டேன். யாருக்கும் அனுப்பவும் மாட்டேன், அவன் செய்ததை நான் செய்ய மாட்டேன். எனக்கு மனசு கொதிக்கிற மத்தியானத்தில் எடுத்து நானே பார்த்துக்கொள்வேன். பார்த்தால் ஆறிவிடுகிறது. அவன் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள என்னால் ஆகாது, அதை எதிர்பார்த்து நீ பதில் எழுதாதே.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு எழிலுக்குக் கடிதம் போடுகிறேன், என்ன எழுதட்டும் என்று சாலம்மாளைக் கேட்டேன். உன் மேல் தப்பில்லை என்று சொல்வாள், அதை எழுதினால் நீ போன் எடுப்பாய் என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே, கோவம் இல்லன்னு எழுதாதக்கா, இருக்குது என்றாள். "அவ அனுப்பிச்ச ஆளுதான. அவளுக்குக் கன்னத்துல ஒரு அறை வெச்சிருக்கேன். போன்ல குடுக்க முடியாது. நேர்ல வந்து வாங்கிக்கினு, சோறு துன்னுட்டுப் போவச் சொல்லு" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவள் மனசில் இடம் இல்லாதவர்களுக்கு அறை வைத்திருக்க மாட்டாள். அவனுக்கு வைக்கவில்லை பார்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதே, டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். ரெண்டு பேரும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, பிள்ளைகுட்டியோடு பெருகி வாழ அம்மா மனசார வாழ்த்துகிறேன். லீவுக்குச் சொல்லிவிட்டுத் தேதி எழுது. இதை ஒட்டுவதற்கு முன்னால் சாலம்மாள் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். கடைசியில், மாப்பிள்ளைய முன்னாடி அனுப்பிச்சிட்டு அவ பின்னால ஒளிஞ்சிக்கினு வரக் கூடாதுன்னு எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
செ. அம்சவள்ளி